பினாங்கு பெர்ரி மின்சாரத்தில் ஓட வேண்டுமானால் ஜெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்

நீங்கள் கேட்டவை நான்கு. மலேசியாவின் பினாங்கு பெர்ரியை மின்சாரத்துக்கு மாற்ற முடியுமா, கொச்சியில் ஓடுகிறதே? தீவின் மற்ற பகுதிகளான கர்னி, குயின்ஸ்பே, பாயான் லெப்பாஸ் வரை அதை நீட்டித்தால் என்ன? எல்ஆர்டி என்னும் இலகு ரயில் வந்த பிறகு பெர்ரிக்கு வேலை இருக்குமா? மின்னியல் படிக்கும் உங்கள் தம்பிக்கு இதில் வாய்ப்பு உண்டா? நான் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவன், கப்பல்களின் மின்சாதனப் பராமரிப்பில் வேலை செய்கிறவன். இந்தப் பெர்ரி நன்றாக ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: முடியும். மின்படகுக்கு இதைவிடத் தோதான தடம் கிடைப்பது அரிது. தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கும் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கும் இடையே கடல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். இப்போதைய படகுகள் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகின்றன. தூரம் மாறாது, இரு கரையிலும் நிலையான ஜெட்டி உண்டு, படகு நாள் முழுக்க ஒரே கோட்டில் போய் வருகிறது. பேட்டரிக்கு இதெல்லாம் பெரிய சௌகரியம்.

இன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். 1894இல் தொடங்கிய சேவை இது. கார்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிய அந்த இரண்டடுக்குப் பெர்ரிகள் 2020 கடைசியோடு பயணிகள் சேவையிலிருந்து ஒதுங்கின. இடையில் ஆட்களை வேகப்படகிலும் மோட்டார் சைக்கிள்களைப் பழைய பெர்ரியிலும் ஏற்றிச் சமாளித்தார்கள். 2023 ஆகஸ்ட் 7 முதல் தெலுக் பாஹாங், தெலுக் டூயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார் என்று நான்கு புதிய இரட்டை உடல் படகுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 250 பயணிகள், 50 மோட்டார் சைக்கிள்கள். கார் கிடையாது. நான்குமே டீசலில் ஓடுபவை.

கார் ஏற்றாததில் பலருக்கு வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் மின்சாரம் என்று பேசும்போது அது நல்லதாகவே அமைகிறது. இரட்டை உடல் படகு ஒல்லியான இரண்டு உடல்களின் மேல் நிற்பது. எடை கூடினால் உடனே தாழும், தண்ணீரின் தடையும் கூடும். காரின் எடை போனால் பேட்டரியின் எடைக்கு இடம் கிடைக்கும்.

இனி கணக்கு. படகு ஓடும்போது 400 கிலோவாட் திறன் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இது என் மதிப்பீடு, இந்த அளவு படகுக்குப் பொருந்தக்கூடியது. பத்து நிமிடத்துக்கு 67 யூனிட் மின்சாரம். ஒரு நடுத்தர மின்காரின் பேட்டரியை முழுதாகக் காலி செய்வதுபோல, ஒவ்வொரு முறை கடலைக் கடக்கும்போதும். போய்த் திரும்ப 134 யூனிட். ஒரு படகு நாளுக்கு முப்பது முறை கடந்தால் 2,000 யூனிட் ஆகிறது.

இங்கே இரண்டு வழி உண்டு. இரவில் மட்டும் மின்னேற்றி நாள் முழுக்க ஓட்டுவது ஒன்று. அதற்குப் பாதுகாப்பு இருப்பும் சேர்த்து 3,000 யூனிட் பேட்டரி வேண்டும். கப்பல் பேட்டரி அமைப்பு, குளிரூட்டும் குழாயும் சட்டமும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்குப் பத்து கிலோவை ஒட்டி வரும். ஆக முப்பது டன். இரட்டை உடல் படகுக்கு அது தாங்க முடியாத சுமை. இன்னொரு வழி, ஒவ்வொரு சுற்றிலும் ஜெட்டியில் நிற்கும் நேரத்திலேயே மின்னேற்றிக்கொள்வது. அப்படியானால் 500 யூனிட் பேட்டரி போதும், ஐந்து டன். ஒரே படகு, ஒரே தடம், ஆனால் பேட்டரி ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. காரணம், வேலையில் பாதியை ஜெட்டி எடுத்துக்கொண்டதுதான்.

அதனால்தான் படகை வாங்குவது இரண்டாவது வேலை என்கிறேன். எட்டு நிமிடத்தில் 134 யூனிட் ஏற்ற வேண்டுமானால் ஜெட்டியில் ஒரு மெகாவாட் வேண்டும். வீட்டுக்கு இழுக்கும் கம்பியில் அது வராது. உயர் மின்னழுத்தக் கேபிள், துணை மின்நிலையம், உப்புக்காற்றைத் தாங்கும் இணைப்புக் கருவி எல்லாம் தேவை. மின்சார நிறுவனமான தெனாகாவிடம் விண்ணப்பித்து, மண்ணைத் தோண்டி, அனுமதி வாங்கி முடிக்கும் நேரத்தில் படகையே கட்டி முடித்துவிடலாம். படகு வந்து நின்றபின் மின்சாரத்துக்கு அலையும் நிலை நமக்கு வேண்டாம்.

மின்சாரக் கார் பெர்ரியில் உலகின் முதலாவது நார்வேயின் 'ஆம்பியர்', 2015இல் ஓடத் தொடங்கியது. 5.7 கிலோமீட்டர் தூரம், இருபது நிமிடப் பயணம், ஏறக்குறைய 1,000 யூனிட் பேட்டரி. இரு கரையிலும் இருந்தவை சின்ன கிராமங்கள். அங்கே வந்த மின்கம்பி அவ்வளவு பெரிய சுமையை ஒரே மூச்சில் தாங்காது. எனவே ஜெட்டியிலேயே பேட்டரி வைத்தார்கள். படகு கடலில் இருக்கும்போது அந்தப் பேட்டரி மெதுவாக நிரம்பும், படகு வந்ததும் வேகமாக இறக்கிவிடும். நம் ஊரில் மின்சாரப் பற்றாக்குறை இல்லை என்றாலும் இந்த ஏற்பாடு இங்கேயும் பயன்படும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படகு வந்தால் சராசரித் தேவை 540 கிலோவாட்டுக்குள்தான், உச்சம் மட்டும்தான் ஒரு மெகாவாட். தொழில் மின்கட்டணத்தில் உச்சத் தேவைக்கும் தனியாகக் காசு வாங்குகிறார்கள். அதைப் பாதியாக்கினால் மாதாமாதம் மிச்சம்.

ஆம்பியரில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. காந்தம்போல் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடப் பட்டைகள் படகை ஜெட்டியோடு தானாகவே பிடித்துக்கொள்ளும். ஜார்ஜ்டவுன் பக்கம் பெங்காலான் வெல்ட் ஜெட்டியில் படகு நிற்கும்போது பின்னால் எட்டிப் பாருங்கள். கயிறு போட்டிருந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீர் பழுப்பு நிறத்தில் சுழன்று மேலே வரும், ரப்பர் தடுப்பு கிறீச்சென்று அழுந்தும். பாலப்பலகை அசையாமல் இருக்கவே அந்தத் தள்ளல். ஐம்பது மோட்டார் சைக்கிள்களும் இறங்கி முடியும்வரை டீசல் எரிகிறது, வரிசையில் நிற்பவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். மின்படகு வந்தால் பினாங்குக்காரர்கள் முதல் நாளே உணரப்போவது இந்த இடத்தில்தான்.

அடுத்து கொச்சி. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ நமக்கு நல்ல பாடம். 38 ஜெட்டி, 78 படகு என்பது முழுத் திட்டம். படகுகளைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளமே கட்டுகிறது. நூறு பேர் ஏறும் படகு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மின்னேறிவிடும். அவர்கள் பயன்படுத்துவது லித்தியம் டைட்டனேட் பேட்டரி. எடை அதிகம், விலையும் அதிகம். ஆனால் வேகமாக ஏற்றி வேகமாக இறக்கினாலும் சீக்கிரம் தேயாது. பட்டர்வொர்த் தடத்தில் ஒரு படகு ஆண்டுக்கு ஐயாயிரம் முறைக்கு மேல் மின்னேற வேண்டியிருக்கும். கைப்பேசி பேட்டரியை வைத்து இதை யோசிக்கக்கூடாது. விலை கூடினாலும் அந்த வகைதான் இங்கே ஏற்றது.

கொச்சிக்கும் முன்னால் வைக்கத்தைப் பார்க்க வேண்டும். பெரியாரின் போராட்டத்தால் தமிழர்கள் அறிந்த அதே வைக்கம். அங்கே 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' என்ற சூரிய மின்படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு வேம்பநாட்டு ஏரியைக் கடக்கிறது. தூரம் நம் பெர்ரியைப்போலத்தான், மூன்று கிலோமீட்டருக்குள். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை அன்றாடம் ஓட்டும் சாதாரணச் சேவை அது, கண்காட்சிப் பொருள் அல்ல.

இருந்தாலும் கொச்சியை அப்படியே எடுத்து இங்கே வைக்க முடியாது. அது காயல், இது நீரிணை. கொச்சியில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள். அதனால் மிதக்கும் மேடையும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டம், சக்கர நாற்காலி சுலபமாக உருண்டு போகும். பினாங்கில் பெரிய ஓதத்தின்போது வித்தியாசம் இரண்டு மீட்டரைத் தாண்டும். இரண்டரை மீட்டர் என்று வைத்து, சக்கர நாற்காலிக்கு ஏற்ற சரிவில் கணக்குப் போட்டால், கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் நடைபாலம் 30 மீட்டர் நீளம் வேண்டும். மின்னேற்றும் கேபிளும் அந்த ஏற்ற இறக்கத்தோடு நகர வேண்டும். அப்புறம், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன் திடீரென்று அடிக்கும் சுமத்ராக் காற்று. அந்த வேளையில் ஜெட்டியை நெருங்க முடியாமல் படகு கடலிலேயே காத்திருக்க நேரலாம். பிறை துறைமுகத்துக்குப் போகும் கப்பலுக்காக ஒதுங்கி நிற்கவும் நேரலாம். 500 யூனிட் பேட்டரியில் ஒரு சுற்றுக்கு 134தான் செலவு, மீதம் இதற்கெல்லாம்தான். அந்த இருப்பைக் காசு மிச்சம் என்று வெட்ட யார் வந்தாலும் விடக்கூடாது.

பலர் பேசாமல் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. மின்சாரப் பெர்ரி வந்தால் கரியமில வாயு குறைந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது. ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டிக் கரியமில வாயு வெளியாகிறது. நல்ல கப்பல் டீசல் எஞ்சினும் அதே அளவு வேலைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே வெளியிடுகிறது. மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு லாபம் இல்லை, கொஞ்சம் கூடவும் செய்யலாம். நார்வேயில் அருவி நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், அவர்களின் கணக்கு வேறு. நாம் பசுமை மின்கட்டணத் திட்டத்திலோ சூரிய ஒளிப் பண்ணையிலிருந்தோ தனி ஒப்பந்தம் போட்டு மின்சாரம் வாங்கினால்தான் அந்த லாபம் இப்போதே கிடைக்கும். ஜெட்டிக் கூரையில் சூரியத் தகடு போடுவதும் நல்லதுதான். ஆனால் ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் கிடைப்பது நாளுக்கு எழுநூறு யூனிட் அளவு, பத்துத் தடவை கடப்பதற்குத்தான் வரும். புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டுவதில்லை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. படகின் ஆயுள் முப்பது ஆண்டு என்றால் ஆண்டுக்கு ஆண்டு அதன் மின்சாரம் சுத்தமாகிக்கொண்டே வரும், டீசல் எஞ்சின் அப்படி மாறாது. எனவே மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன். காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு ஆதரிக்க வேண்டும்: சுத்தமான காற்று, சத்தமில்லாத பயணம், குறைந்த பராமரிப்பு.

மாசைக் குறைக்க இதைவிடப் பெரிய வழி, பாலத்தில் போகும் வண்டிகளைக் குறைப்பது. 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தில் 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. பெர்ரிக்குக் காசு கொடுக்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். காலையில் பட்டர்வொர்த் வரிசையைப் பாருங்கள். சட்டையைப் பின்பக்கமாக மாட்டி, கைப்பிடியில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டு, எஞ்சினை அணைத்து நிற்பவர்களில் எத்தனையோ பேருக்கு இலவசப் பாலம் இருக்கிறது. மழையும் குறுக்குக் காற்றும் லாரியும் வேண்டாம் என்றுதான் இங்கே வருகிறார்கள். அவர்களைத் தக்கவைக்க வேண்டும், இன்னும் பலரை அழைத்துவர வேண்டும். அதற்குத் தேவை எண்ணிக்கை. இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு படகு என்றால் கடப்பதற்குப் பத்து நிமிடம், காத்திருக்கச் சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிடம். படகை எவ்வளவு நவீனமாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

ஏறி இறங்கப் பன்னிரண்டு நிமிடம், கடக்கப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஒரு முழுச் சுற்று 45 நிமிடத்தில் முடியும். மூன்று படகு இருந்தால் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று விடலாம், நான்காவது பழுதுக்கும் பராமரிப்புக்கும். அதாவது கையிலிருக்கும் நான்கு படகிலேயே, காலை மாலை நெரிசல் வேளையிலாவது, இந்தச் சேவை சாத்தியம். ஆளும் டீசலும் கூடுதலாகச் செலவாகும், அதை மானியமாகத்தான் தர வேண்டும். பாலத்துக்கு யாரும் லாபக் கணக்கு கேட்பதில்லை, பெர்ரியிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. பிறகு பஸ். பேருந்தை ஒரு நிறுவனம் ஓட்டுகிறது, பெர்ரியை இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே டிக்கெட், படகு வரும் நேரத்துக்கு ஜெட்டி வாசலில் பஸ் என்று ஏற்பாடு செய்ய ஒரு ஒப்பந்தம் போதும். பட்டர்வொர்த் பக்கம் பினாங்கு சென்ட்ரல் பேருந்து முனையமும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தக் கரை தயாராகத்தான் இருக்கிறது.

விரிவாக்கம் என்றதும் நீங்கள் கர்னியை முதலில் சொன்னீர்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். வடக்குப் பக்கம் திறந்த கடல், அலை அதிகம். கரையோரம் சேறு, ஓதம் இறங்கினால் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கும். அங்கே வரப்போகிறவர்களும் பெரும்பாலும் விடுமுறைக்காரர்கள். தினமும் கடக்க வேண்டிய கூட்டம் தெற்கில் இருக்கிறது. பிறை, ஜூரு, புக்கிட் தெங்கா பக்கம் குடியிருந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். அதில் நம்மவர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, பாலத்தில் நெரிசலில் நின்று, மாலையில் அதே பாடு. பிறையிலிருந்து குயின்ஸ்பே பக்கம் ஒரு ஜெட்டிக்குப் படகு விட்டு, அங்கிருந்து தொழிற்சாலை பஸ் ஏற்றிக்கொண்டால் நேரம் மிச்சமாகும். ஷிப்ட் நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதால் அட்டவணை போடுவதும் சுலபம்.

அங்கே மின்சாரம்தான் சிரமம். கடல் அகலம் எட்டு கிலோமீட்டர் அளவுக்கு வரும். பத்து நாட் வேகத்தில், அதாவது மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டரில், போனால் ஏறக்குறைய 26 நிமிடம், பாலத்தோடு போட்டி போடப் போதாது. இருபது நாட் என்றால் பதின்மூன்று நிமிடம். ஆனால் படகின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும், பயணத்துக்கான மின்சாரம் நான்கு மடங்கு. இந்தத் தடத்தை டீசலும் பேட்டரியும் கலந்த படகில் தொடங்கி, ஜெட்டி அருகே மட்டும் பேட்டரியில் ஓட்டுவதுதான் இப்போதைக்கு விவேகம். மீனவர்களையும் மறக்கக்கூடாது. தெற்குக் கடலில் மண் கொட்டி நிலம் மீட்கும் திட்டத்தால் ஏற்கெனவே நொந்திருப்பவர்கள் அவர்கள். வலை போடும் இடமும் நேரமும் அவர்களிடம் கேட்டுத் தடம் போட வேண்டும். படகு கிளப்பும் அலை, கரையில் கட்டியிருக்கும் சிறு படகுகளைச் சேதப்படுத்தும்.

எந்த ஜெட்டியைப் பெரிதாக்கினாலும் கூட்டத்தை மனதில் வைக்க வேண்டும். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தின் நடைமேடை இடிந்து 32 பேர் இறந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவும் சீனர்களின் குவான் யின் விழாவும் ஒரே நேரத்தில் வந்த நாள் அது. தைப்பூசத்துக்கு இன்றும் பட்டர்வொர்த்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தண்ணீர்மலைக்குப் போகிறோம். சராசரி நாளை வைத்து ஜெட்டி கட்டினால் போதாது, திருநாள் கூட்டத்துக்குக் கட்ட வேண்டும்.

எல்ஆர்டி பற்றி: முத்தியாரா தடத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது கடலைக் கடந்து பினாங்கு சென்ட்ரல் வரை வரும். வந்ததும் நடந்து வரும் பயணிகளில் ஒரு பகுதி அதற்குப் போய்விடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எல்ஆர்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்ற முடியாது. ஹாங்காங்கில் 1972இல் கடலடிச் சுரங்கப்பாதையும், எட்டு ஆண்டுகளில் மெட்ரோ ரயிலும் வந்தன. ஸ்டார் பெர்ரி சுருங்கியது, நிற்கவில்லை. நம் பெர்ரி மோட்டார் சைக்கிளையும் பாரம்பரிய நகருக்குப் போகிறவர்களையும் பிடித்துக்கொண்டு நிற்கும், அதுவரைக்கும் சேவை தேய்ந்துபோக விடாமல் இருந்தால். ரயில் வரப்போகிறதே என்று பெர்ரியில் பணம் போடாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில்தான் சாலை நெரிசல் இன்னும் கூடும்.

கடைசியாக உங்கள் தம்பி. தாராளமாக வரலாம், இந்தத் துறையில் ஆள் குறைவு. சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாக வரும் துறைமுகப் படகுகள் மின்சாரத்திலோ தூய உயிரி எரிபொருளிலோ, அதுபோன்ற சுத்தமான எரிபொருளிலோ ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும். அங்கே 2025 வரை ஷெல்லிடம் இருந்த புக்கோம் தீவு ஆலைக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்ல 2023இலேயே மின்படகுகள் வந்துவிட்டன. இவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இரு நாட்டிலும் தேவை இருக்கும். கரை வேலை என்றால் எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் (மின்நிறுவல்களை இயக்கிக் கவனிக்கும் பொறுப்பாளர்) சான்றிதழை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி, பிறகு உயர் மின்னழுத்தத்துக்குப் போகட்டும். ஜெட்டியில் மின்னேற்றும் நிலையம் வந்தால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் சுவிட்சைத் தொட விடமாட்டார்கள். கப்பலிலேயே வேலை வேண்டுமென்றால் மலாக்காவில் உள்ள மலேசியக் கடல்சார் கல்விக்கழகத்தில் மின்தொழில்நுட்ப அதிகாரி படிப்பைப் பற்றி விசாரிக்கட்டும். சேர்வதற்கு முன்னால் நிறக்குருடு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கப்பல் வேலைக்கான மருத்துவச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். படித்து முடித்தபின் அங்கே தடைபட்டு நிற்கக்கூடாது.